மாண்டலினும் கமகமும்
ஒரு தந்திக் கருவியின் உருமாற்ற வரலாறு

ஓர் இசைக்கருவி எந்த நாட்டில் பிறந்தது என்பது ஒரு வினா. அஃது எந்த நாட்டு இசைக்கு உரியது என்பது மற்றொரு வினா. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவோர் பலர். அங்ஙனம் கருதுவது பொருந்தாது என்பதைத் தென்னாட்டு இசையின் சென்ற இருநூறு ஆண்டு வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது. ஐரோப்பாவிற் பிறந்த வயலின் இன்று கருநாடக இசை அரங்கில் இன்றியமையாத துணைக்கருவி. அதே ஐரோப்பாவிலிருந்து வந்த ஆர்மோனியத்தையோ 1940ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி விலக்கி வைத்தது. 1971க்குப் பின்னரே அத்தடை தளரலாயிற்று. இரண்டும் பிறநாட்டுக் கருவிகளே. ஒன்று ஏற்கப்பட்டது, மற்றொன்று வாயிலில் நிறுத்தப்பட்டது. ஏன்?

விடை கருவியின் அமைப்பிலே உள்ளது. வயலினில் மெட்டு இல்லை. விரல் தந்தியின்மீது எங்கும் நிற்கலாம். எங்கும் வழுக்கிச் செல்லலாம். ஆர்மோனியத்திலோ ஒவ்வொரு கட்டைக்கும் ஒவ்வொரு சுரம். இரண்டு கட்டைகளுக்கு இடையே வழியில்லை. கருநாடக இசையின் உயிர் சுரங்களில் மட்டும் இல்லை. சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையே உள்ள அசைவிலும், குழைவிலும், வழுக்கிலும் இருக்கின்றது. இவ்வசைவைக் கமகம் என்கின்றோம். கமகம் பேச இயலாத கருவி எவ்வளவு இனிமையாக ஒலித்தாலும், தோடி இராகத்தின் வாயிலில் ஊமையாகி நிற்கும்.

இவ்விரு கருவிகளுக்கும் நடுவே நிற்பது மாண்டலின். அதற்கு மெட்டுகள் உண்டு. தந்திகளோ இரட்டை இரட்டையாய் இறுக்கமாகக் கட்டப்பட்டவை. பார்த்த அளவில் அது ஆர்மோனியத்தின் கட்சியைச் சேர்ந்தது என்றே கருதத் தோன்றும். எனினும் இருபதாம் நூற்றாண்டின் இறுதிக் கால்பகுதியில் அது தென்னிசை அரங்கின் நடுவிடத்தில், துணைக்கருவியாக அன்றித் தனிக்கருவியாகவே, அமர்ந்தது. அவ்வாறு அமர்வதற்கு முன் அதன் உடல் மாற வேண்டியிருந்தது. அம்மாற்றத்தின் வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

ஒரு குடும்பத்தின் இரு கிளைகள்

அரபு நாடுகளில் ‘ஊத்’ என்னும் தந்திக் கருவி உண்டு. ‘அல் ஊத்’ என்னும் சொல்லுக்கு மரம் என்பது பொருள். பேரிக்காயைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்தாற் போன்ற உடலும், குட்டையான கழுத்தும், பின்னோக்கி மடிந்த தலையும் உடைய இக்கருவி ஐரோப்பாவுக்குச் சென்றது. அங்கே அதன் பெயர் ‘லூட்’ எனத் திரிந்தது. கழுத்தில் மெட்டுகள் ஏறின. லூட்டின் சிறிய வடிவங்கள் காலப்போக்கில் மண்டோரா என்றும் மண்டோலா என்றும் பெயர் பெற்றன. மண்டோலாவின் சிறுவடிவமே மாண்டலின். பெயரும் அச்சிறுமையைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லே.

அதே ஊத் குடும்பத்தின் மற்றொரு கிளை கிழக்கு நோக்கிக் கடல் கடந்தது. அராபியர் தொடர்பால் மலாய் மக்களிடையே பரவிய ‘கம்பூஸ்’ அக்கிளையைச் சார்ந்ததாகும். இதில் இரு வகை உண்டு. ஒன்று, ஊத்தைப் போலவே மெல்லிய மரப்பட்டைகளை வளைத்து ஒட்டிய பெரிய வயிறும், மரத்தாலான மேற்பலகையும் உடையது. மற்றொன்று கம்பூஸ் மெலாயு. ஏமன் நாட்டு வழியில் வந்தது. ஒரே மரத்துண்டைக் குடைந்து, பெரும்பாலும் பலாமரத்தில், ஒடுங்கிய உடலாகச் செதுக்கப்படுவது. அதன் வயிற்றின்மேல் மரப்பலகைக்கு மாறாகத் தோல் போர்த்தப்படும். சப்பின் ஆட்டத்துக்கும் கஸல் பாட்டுக்கும் கம்பூஸின் மீட்டொலி இன்றியமையாதது.

ஆகவே, கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு தமிழ் மாணவன் மாண்டலினையும், அவன் அண்டை வீட்டு மலாய் மாணவன் கம்பூஸையும் கையில் எடுக்கும்போது, பல நூற்றாண்டுகளுக்கு முன் பிரிந்துபோன உறவினர் இருவர் ஒரே தெருவில் எதிர்ப்படுகின்றனர் எனலாம். ஒருவர் மேற்கே சென்று எஃகுத் தந்தியும் மெட்டும் பெற்றுத் திரும்பியவர். மற்றவர் மெட்டின்றியே தம் பழைய உருவோடு இருப்பவர். இவ்விருவரையும் அருகருகே வைத்து நோக்கினால், உடலமைப்பு ஒலியை எங்ஙனம் ஆள்கின்றது என்பது சொல்லாமலே விளங்கும். தோல் போர்த்த கம்பூஸின் ஒலி உடனே எழுந்து உடனே அடங்கும். அதில் மத்தளத்தின் சாயல் கலந்திருக்கும். மரப்பலகை போர்த்ததன் ஒலி சற்று நீண்டு, உருண்டு வரும்.

நேப்பிள்ஸ் நகரத்து வடிவம்

பழைய மாண்டலினில் ஆட்டு நரம்பே தந்தியாக இருந்தது. விரல் நுனியாலோ பறவை இறகின் தண்டாலோ அதனை மீட்டினர். அதன் ஒலி மென்மையானது. சிறு கூடத்துக்கே போதுமானது. 1725ஆம் ஆண்டளவில் விவால்டி என்னும் இத்தாலிய இசைப் புலவர் மாண்டலினுக்கென ஓர் இசைக்கோவை இயற்றினார்.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தென் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தில் ஒரு புதிய வடிவம் தோன்றியது. வினாச்சியா என்னும் கைவினைக் குடும்பத்தார் இதில் பெயர் பெற்றவர்கள். அவர்கள் செய்த மாறுதல்கள் நான்கு. நரம்புக்கு மாறாக உலோகத் தந்திகளை இட்டனர். நான்கு தந்திகளையும் இரட்டித்து எட்டாக்கினர். வயலினைப் போலவே ஐந்தாம் சுர இடைவெளியில் சுருதி கூட்டினர். தந்திகளின் இழுப்பைத் தாங்கும்பொருட்டு மேற்பலகையைக் குதிரைக்கு அருகே சற்று மடித்து, தந்திகளை உடலின் அடிமுனையில் கட்டினர்.

இந்நான்கும் ஒன்றையொன்று தழுவியவை. உலோகத் தந்தி உரத்து ஒலிக்கும். ஆனால் அதன் இழுப்பு மிகுதி. இழுப்பு மிகுந்தால் மெல்லிய மேற்பலகை தாங்காது; ஆகவே மடிப்பு. தந்திகள் இரட்டையானால் ஒலி மேலும் பெருகும். அத்துடன் இரண்டு தந்திகளும் ஒருசிறிதும் பிசகாமல் ஒத்திருப்பது அரிதாகையால், அச்சிறு வேறுபாடே ஒருவகை மினுமினுப்பை ஒலிக்குத் தரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில், 1835ஆம் ஆண்டளவில், அக்குடும்பத்துப் பாஸ்குவாலே வினாச்சியா எஃகுத் தந்தியையும், பல்சக்கரம் பொருந்திய முறுக்காணிகளையும், நீண்ட மெட்டுப்பலகையையும் அமைத்தார். இன்று நேப்பிள்ஸ் மாண்டலின் என வழங்குவது இதுவே.

இதன் ஒலி மணியொலி போல் தெளிவானது. ஆயினும் நொடிப்பொழுதில் மறைவது. நீண்ட சுரம் ஒன்றை நிறுத்தவேண்டுமானால், மீட்டும் தகட்டை மேலும் கீழும் இடைவிடாது அசைத்து ஒரே சுரத்தைப் பலமுறை எழுப்பவேண்டும். ‘டிரெமோலோ’ என மேனாட்டார் போற்றும் நடுக்க மீட்டு இவ்வாறு உருவாயிற்று. அஃது அழகுக்காகப் பிறந்த நுட்பம் மட்டும் அன்று. கருவியின் ஒரு குறையை மறைக்கப் பிறந்த நுட்பமும் ஆகும். குறையே அழகாக மாறியதற்கு இஃது ஒரு சான்று. மொசார்ட் தம் ‘டோன் ஜியோவான்னி’ என்னும் இசை நாடகத்தில் (1787) காதற்பாட்டு ஒன்றுக்கு மாண்டலினைப் பக்க இசையாக வைத்தார். இத்தாலியின் அரசி மார்கரீத்தா இக்கருவியைப் பயின்றவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் மாண்டலின் மோகத்தில் ஆழ்ந்தன.

செதுக்கிய உடல்

கிண்ணம் போன்ற முதுகுடைய கருவியை மடியில் நிறுத்துவது எளிதன்று, வழுக்கும். அதன் முதுகில் மாறிமாறி ஒட்டிய மரப்பட்டைகளின் கோடுகளைக் கண்ட அமெரிக்கர், தம் வயல்களை அழித்த வண்டின் பெயரைச் சூட்டி, ‘உருளைக்கிழங்கு வண்டு’ என அதனை ஏளனமாக அழைத்தனர். போர்ச்சுகல் முதலிய நாடுகளில் தட்டையான முதுகுடைய மாண்டலின்கள் செய்யப்பட்டன. பிடிப்பதற்கு அவை இசைவானவை. ஒலியும் சற்றுக் கனிந்தது. அயர்லாந்து நாட்டுக் கிராமிய இசைக்கு அவ்வகை மிகவும் ஏற்றதாயிற்று.

பெரிய மாறுதலைச் செய்தவர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் வாழ்ந்த ஆர்வில் கிப்சன் (1856-1918). மரத்தை வளைத்தால் அதன் இயற்கை அதிர்வு கெடும் என்பது அவர் கொள்கை. ஆகவே, வயலினைப் போல மேற்பலகையையும் முதுகையும் தடித்த மரத்திலிருந்து குவிவாகச் செதுக்கியெடுத்தார். இதற்கு 1898இல் காப்புரிமை பெற்றார். அவர் பெயரால் 1902இல் ஒரு நிறுவனம் தோன்றியது. அங்கு செய்யப்பட்டவை இருவகை: கண்ணீர்த்துளி வடிவுடைய ‘ஏ’ வகை, தோளில் சுருள் செதுக்கிய ‘எஃப்’ வகை. இச்சுருள் பெரும்பாலும் அணிகலனே. ஒலியை மிகுதியாக மாற்றுவது ஒலித்துளையின் வடிவமும் மேற்பலகையின் உட்புறத் தாங்குகட்டைகளுமே ஆகும்.

1919 முதல் 1924 வரை அந்நிறுவனத்தில் பணியாற்றிய லாயிட் லோர் என்பவர் 1922இல் ‘எஃப்-5’ என்னும் மாண்டலினை உருவாக்கினார். நடுவில் இருந்த ஒற்றை ஒலித்துளைக்கு மாறாக, வயலினில் உள்ளவாறு இரு பக்கமும் நெளிந்த துளைகளை இட்டார், கழுத்தை நீட்டினார், மெட்டுப்பலகையை மேற்பலகையில் படாமல் உயர்த்தினார். நடுத்துளை உள்ளவற்றின் ஒலி உருண்டையாகவும் மென்மையாகவும் இருக்கும். நெளிதுளை உடையவற்றின் ஒலி கூர்மையாகவும், கூட்டத்தைப் பிளந்து செல்வதாகவும் இருக்கும்.

லோர் இதனைப் படைத்தது மேனாட்டுச் செவ்வியல் அரங்குக்காக. ஆனால் அந்த மோகம் அதற்குள் தணிந்துவிட்டது. அக்கருவிக்கு வாழ்வளித்தவர் கென்டக்கி நாட்டுப்புறத்துப் பாடகர் பில் மன்றோ (1911-1996). அதன் கூர்மையான, குறுகிய ஒலியைத் தாளத்தின் எடுப்புகளில் வெட்டுவெட்டாக அடித்து, பறை இல்லாத இசைக்குழுவுக்கு மாண்டலினையே பறையாக்கினார். ‘புளூகிராஸ்’ என்னும் இசைமரபு அதனால் செழித்தது. செய்தவர் எண்ணாத பயனைப் பயன்படுத்துவோர் காண்பதும், அப்பயனுக்குக் கருவியின் உடலே இடமளிப்பதும் இசை வரலாற்றில் அடிக்கடி நிகழ்வனவாம்.

கமகத்துக்கு உள்ள தடை

இத்தனை வடிவங்களும் மேனாட்டு இசையின் தேவைக்கே அமைந்தவை. கருநாடக இசைக்கு இவை ஏன் போதவில்லை என்பதை அறியச் சிறிது கணக்கும் வேண்டும்.

ஒரு தந்தியின் சுருதி மூன்றைப் பொறுத்தது: நீளம், இழுவிசை, பருமன். இவ்விதியைப் பிரெஞ்சு அறிஞர் மெர்சென் 1636இல் வகுத்துரைத்தார். நீளம் பாதியானால் சுருதி இரட்டிக்கும். இழுவிசை நான்கு மடங்கானால்தான் சுருதி இரட்டிக்கும். வீணைக் கலைஞர் ஒரு மெட்டின்மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது இழுவிசையையே கூட்டுகின்றார். சட்ஜத்திலிருந்து சதுச்ருதி ரிஷபம் வரை, அதாவது எட்டுக்கு ஒன்பது என்னும் விகிதத்தில், சுருதி உயர வேண்டுமானால் இழுவிசை நூற்றுக்கு ஏறத்தாழ 27 பங்கு மிக வேண்டும்.

வீணையில் இது கைகூடும். அதன் தந்தி நீளமானது. மெட்டுகள் மெழுகின்மேல் உயர்ந்து நிற்பவை. விரல் தந்தியை இழுத்துச் செல்ல இடமுண்டு. தஞ்சையில் இரகுநாத நாயக்கர் காலத்தில், பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், 24 மெட்டுகள் நிலையாகப் பதிக்கப்பட்டுச் சரஸ்வதி வீணை இன்றைய உருவை எய்தியது என்பது மரபு. அதுமுதல் மெட்டும் கமகமும் பகைமையின்றி ஒரு கருவியில் வாழ்ந்து வருகின்றன.

மாண்டலினிலோ நிலைமை வேறு. தந்தியின் நீளம் ஏறத்தாழ 33 முதல் 35 சென்டிமீட்டர், வயலினின் அளவே. அதன் மேல்தந்தி நொடிக்கு 659 அதிர்வுடைய சுரத்துக்கு ஏற்றப்படும். கால் மில்லிமீட்டர் தடிப்புள்ள எஃகுத் தந்தி அச்சுரத்தை அடைய ஏழரைக் கிலோ எடையளவு இழுப்பு வேண்டும். தந்திகள் இரட்டையாதலின் விரல் எதிர்க்க வேண்டியது அதன் இருமடங்கு. ஒரு சுரம் உயர்த்த ஒவ்வொரு தந்திக்கும் இன்னும் இரண்டு கிலோ இழுப்பு ஏற வேண்டும். அம்மட்டோ? ஒரே விரல் இரண்டு தந்திகளைத் தள்ளும்போது இரண்டும் ஒரே அளவு நகர்வதில்லை. ஒன்று முந்தும், மற்றொன்று பிந்தும். நேரே மீட்டும்போது மினுமினுப்பாக இருந்த வேறுபாடு இழுக்கும்போது அபசுரமாகிவிடும். இரட்டைத் தந்தி மேனாட்டு இசைக்கு அணி. நம் இசைக்கோ விலங்கு.

இன்னொரு தடை கார்வை. ஒலிப்பெட்டி பெரிதாக ஒலிப்பது எதனால்? தந்தியின் அதிர்வை மேற்பலகை வாங்கிக் காற்றுக்குக் கொடுப்பதனால். விரைந்து கொடுப்பது விரைந்து தீரும். கமகம் என்பதோ ஒருமுறை மீட்டிய ஒலி மறையுமுன் அதனை அசைத்துக் காட்டுவது. ஒலி நிற்காத இடத்தில் அசைப்பதற்கு என்ன உண்டு? நடுக்க மீட்டினால் ஒலியை நீட்டலாம், ஆனால் அது சுரத்தைத் துண்டு துண்டாக்கும், குழைவு கெடும்.

இத்தடைகளுக்கு இடையேயும் மாண்டலினில் இந்திய இராகங்களை வாசிக்க முயன்றோர் உண்டு. இந்தித் திரையிசையமைப்பாளர் சஜ்ஜாத் உசேன் (1917-1995) இக்கருவியில் இந்துஸ்தானி இசையைக் கையாண்டு வியப்பூட்டினார். திரையிசைக் குழுக்களில் மாண்டலின் நெடுங்காலம் துள்ளலிசைக்கும் காதற்பாட்டுக்கும் பயன்பட்டு வந்தது. எனினும் முழுக் கச்சேரி ஒன்றைத் தாங்கும் கருவியாக அதனை எவரும் கருதவில்லை.

பாலகொல்லுச் சிறுவன்

உப்பலபு ஸ்ரீநிவாஸ் 1969 பிப்ரவரி 28இல் ஆந்திர நாட்டின் பாலகொல்லுவில் பிறந்தார். வீட்டில் தந்தையாரின் மாண்டலின் இருந்தது. ஆறு வயதிலேயே சிறுவன் அதனை எடுத்து வாசிக்கத் தொடங்கினான். அவனது திறமையைக் கண்ட தந்தையார் தம் ஆசிரியர் ருத்ரராஜு சுப்பராஜுவிடமே மகனையும் ஒப்புவித்தார். சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் மாணவர்; வாய்ப்பாட்டுக்காரர். அவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது.

இவ்வரலாற்றில் ஊன்றி நோக்கவேண்டிய இடம் இதுவே. ஆசிரியர் பாடுவார், மாணவன் கேட்டதைக் கருவியில் தேடுவான். மாண்டலின் ஆசிரியர் ஒருவர் வாய்த்திருந்தால், அக்கருவியின் வழக்கமான விரல்முறையும் நடுக்க மீட்டும் அவனுக்கு முதலில் வந்திருக்கும். இராகம் அவற்றுக்குள் அடங்கியிருக்கும். ஆசிரியருக்குக் கருவி தெரியாமையால், குரலே அளவுகோலாயிற்று. குரல் குழைந்தால் தந்தியும் குழைய வேண்டும். குழையாவிட்டால் மாற வேண்டியது குரல் அன்று, கருவியே.

கருவி மாறிற்று. இரட்டைத் தந்திகள் ஒற்றையாயின. நான்கு வரிசைக்கு மாறாக ஐந்து தனித் தந்திகள் அமைந்தன. உள்ளீடற்ற ஒலிப்பெட்டி நீங்கி, கெட்டி மரத்தாலான உடலும் மின்காந்தச் சுருளும் வந்தன. கெட்டியுடலும் ஒற்றைத் தந்தியும் உடைய மின் மாண்டலின் அமெரிக்காவில் முன்பே தோன்றியதுதான். ஃபெண்டர் நிறுவனம் 1956இல் நான்கு ஒற்றைத் தந்திகளோடு அத்தகைய ஒன்றை வெளியிட்டது. ஆனால் அதன் நோக்கம் வேறு. நம் இசையின் நோக்கம் வேறு.

இம்மாறுதல்கள் ஒவ்வொன்றும் மேலே கூறிய தடை ஒவ்வொன்றுக்கும் மருந்தாக அமைந்தமை காண்க. தந்தி ஒற்றையானதால் இழுக்க வேண்டிய சுமை பாதியாயிற்று. அபசுரத்துக்கு இடமில்லாது போயிற்று. ஐந்தாம் தந்தி ஸ்தாயி எல்லையை விரிப்பதற்கு வழி செய்தது. கெட்டி மரம் தந்தியின் அதிர்வை வாங்கி வீணாக்குவதில்லை. ஆகவே ஒரு மீட்டொலி நெடுநேரம் நின்றது. காந்தச் சுருள் அந்நுண்ணொலியை வாங்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பிற்று. மெட்டுகள் நெருங்கியிருந்தமை முன்பு குறையாகக் கருதப்பட்டது. இப்போது அதுவே துணையாயிற்று. விரல் சிறுதொலைவே நகர்ந்து பெரிய இடைவெளிகளைத் தாண்டிற்று. விரைந்த பிருகாக்களும் நீண்ட வழுக்குகளும் எளிதாயின.

1978இல் குடிவாடாவில் நடந்த தியாகராஜ ஆராதனை விழாவில் ஒன்பது வயதுச் சிறுவனின் முதற்கச்சேரி நிகழ்ந்தது. 1981இல் சென்னையில் இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியின் மேடையில் அவன் வாசித்தான். மாண்டலினில் கருநாடக இசையா என ஐயுற்று வந்தவர்கள் ஐயம் நீங்கிச் சென்றனர். 1983இல் பெர்லின் நகரத்து ஜாஸ் விழாவில் வாசித்தபோது அவருக்கு வயது பதினான்கு. ஜான் மெக்லாஃப்லினோடு ‘ரிமெம்பர் சக்தி’ குழுவிலும் அவர் இடம்பெற்றார். 1998இல் பத்மஸ்ரீ விருதும், பின்னர்ச் சங்கீத நாடக அகாதமி விருதும் அவரை அடைந்தன. 2014 செப்டம்பர் 19இல், 45ஆம் வயதில், சென்னையில் அவர் மறைந்தார். கருவியின் பெயரே அவர் பெயருக்கு முன்னொட்டாக நின்றுவிட்டது. அவர் தம்பி இராஜேஷும் பிற மாணவரும் அவ்வழியைத் தொடர்கின்றனர்.

பெற்றதும் இழந்ததும்

எம்மாறுதலும் விலையின்றிக் கிடைப்பதில்லை. இரட்டைத் தந்தியின் மினுமினுப்பு போயிற்று. ஒலிப்பெட்டி நீங்கியதால் மரத்தின் குரல் பெரும்பாலும் மறைந்தது. நல்ல வீணையைக் குடத்தின் மரத்தாலும் அதன் முதிர்ச்சியாலும் இனங்காணலாம்; கெட்டியுடல் மாண்டலினிலோ ஒலியின் நிறத்தைக் காந்தச் சுருளும் ஒலிபெருக்கியும் பெரும்பகுதி ஆள்கின்றன. மின்சாரம் நின்றால் அது முணுமுணுக்கும் கம்பியாகிவிடும். கருவியின் வயிற்றை எடுத்துச் சுவரில் உள்ள மின்வாயிலோடு இணைத்தாற் போல இது எனக் குறைகூறுவாரும் உண்டு. அக்கூற்றில் உண்மை இல்லாமற் போகவில்லை.

ஆயினும் எதை இழந்து எதைப் பெறுவது என்பதைத் தீர்மானிப்பது செவி. மேனாட்டார் செவி மினுமினுப்பை விரும்பிற்று. அதற்காகக் குழைவை விட்டது. நம் செவி குழைவை விரும்பிற்று. அதற்காக மினுமினுப்பை விட்டது. நேப்பிள்ஸ் கைவினைஞர், கலமசூ கைவினைஞர், பாலகொல்லுச் சிறுவன் ஆகிய மூவரும் செய்தது ஒரே பணிதான்: தத்தம் செவி கேட்டதற்கு ஏற்ப மரத்தையும் தந்தியையும் மாற்றினர். வயலின் நம்மிடம் வந்தபோதும் இவ்வாறே நிகழ்ந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரும், தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் அதனைக் கையாண்டனர். கருவியின் உடலை மாற்ற வேண்டியிருக்கவில்லை. சுருதி கூட்டும் முறையும், உட்காரும் நிலையும், பிடிக்கும் வகையுமே மாறின. மாண்டலினுக்கு உடலே மாற வேண்டியிருந்தது. ஆர்மோனியத்துக்கோ எதை மாற்றினாலும் கட்டைகளுக்கு இடையே வழி பிறக்கவில்லை.

யாழை நினைத்து

இவ்விடத்தில் தமிழர் உள்ளம் யாழை நினையாமலிராது. பேரியாழ் 21 நரம்பு, மகரயாழ் 19, சகோடயாழ் 14, செங்கோட்டியாழ் 7 என உரையாசிரியர் வகுத்துரைத்த அப்பெருங்கருவி தமிழகத்தில் வழக்கொழிந்தது. விபுலானந்த அடிகள் பல்லாண்டு ஆராய்ந்து எழுதிய ‘யாழ்நூல்’ 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அதன் பின்னரே யாழின் இலக்கணம் நமக்கு மீண்டும் ஓரளவு விளங்கலாயிற்று. யாழ் மறைந்தமைக்கு அறிஞர் கூறும் காரணங்களுள் ஒன்று, அதன் அமைப்பைப் பற்றியது. நரம்புக்கு ஒரு சுரம் என்ற முறையில் அமைந்த வில்வகைக் கருவி அது. கமகத்தை நாடி வளர்ந்த பிற்கால இசைக்கு ஒரு தந்தியிலேயே பல சுரங்களையும் அவற்றின் இடைவழிகளையும் காட்டும் வீணை இசைந்தது, யாழ் இசையவில்லை.

இது முழுக்காரணம் எனக் கொள்ளுதல் கூடாது. பாணர் குடியின் வாழ்வு சிதைந்ததும், புரவலர் மாறியதும் அதனோடு சேர்ந்தவை. எனினும் மாண்டலினின் வரலாற்றை அறிந்தபின் ஒரு கேள்வி எழுகின்றது. யாழைக் கையில் வைத்திருந்தோர், தம் காலத்துச் செவி கேட்டதற்கேற்ப அதன் உடலை மாற்றியிருந்தால் அது நிலைத்திருக்குமோ? மாறாத பழங்கருவி நூலில் வாழ்கின்றது. மாறிய பிறநாட்டுக் கருவி மேடையில் வாழ்கின்றது. பழமையைப் போற்றுவோர் இதனை வருத்தத்தோடு மட்டும் அன்றி, பாடமாகவும் கொள்ளுதல் தகும்.

மலேசியாவில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதில் ஒரு நற்பயன் உண்டு. பொருநராற்றுப்படை யாழின் உறுப்புகளைத் தொடர்ந்து வருணிக்கின்றது. பத்தரை மான் குளம்பு பதிந்த சுவட்டோடும், அதன்மேல் இழுத்துக் கட்டிய தோலை விளக்குச் சுடரின் நிறத்தோடும் ஒப்பிடுகின்றது. மாணவர் பத்தர், போர்வை, கோடு, திவவு எனச் சொற்களை மனப்பாடம் செய்கின்றனர், பொருளைக் கண்டதில்லை. கம்போங் மேடானிலோ கிள்ளானிலோ உள்ள பள்ளி ஒன்றில் அப்பகுதியை நடத்தும் ஆசிரியர், கம்பூஸ் மெலாயு ஒன்றை இரவல் பெற்று வகுப்புக்குக் கொணர்ந்தால் போதும். குடைந்த மரமும் அதன்மேல் போர்த்த தோலும் மாணவர் கண்முன் நிற்கும். கம்பூஸ் யாழ் அன்று. அதன் கழுத்தும் தந்தி வரிசையும் வேறு. ஆயினும் பத்தரும் போர்வையும் ஒலிக்கும் முறையைச் செவியால் உணர அது போதுமானது. அதனோடு ஒரு வீணையையும் மாண்டலினையும் வைத்துவிட்டால், பாடம் முழுமை பெறும். 1981இல் கோலாலம்பூரில் தோன்றிய நுண்கலைக் கோயில் பிரிக்ஃபீல்ட்ஸில் இசையும் நடனமும் பயிற்றி வருவதால், அத்தகைய கருவிகளைக் காண்பது இங்கு அரிதன்று.

மூன்று கருவிகளையும் வரிசையாக மீட்டி, மாணவரை ஒன்று கேட்கலாம்: ஒரே சுரத்தை அசைத்துக் காட்டுங்கள். வீணை எளிதில் அசையும். மெட்டில்லாத கம்பூஸில் விரல் வழுக்கும். ஆனால் ஒலி விரைவில் அடங்கும். இரட்டைத் தந்தி மாண்டலின் அசைய மறுக்கும். அதன் ஒவ்வோர் இரட்டையிலும் ஒரு தந்தியைக் கழற்றிவிட்டு மீண்டும் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது மெல்ல அசையத் தொடங்கும். பாலகொல்லுச் சிறுவன் கண்ட உண்மையின் முதற்படியை அம்மாணவனும் தன் விரலால் அறிவான். கருவி மரபுக்கு வளைவதும், மரபு கருவியால் வளர்வதும் எங்ஙனம் என்பதை நூறு பக்க விளக்கத்தைவிட அந்த ஒரு தந்தி நன்கு உணர்த்தும்.